அவள் என் விதவையாக இருக்கும்வரை

கிணற்றுத் துலா தாழ்ந்த சத்தம் கேட்டது. நிமிர்ந்த சத்தம் இன்னும் கேட்கவில்லை. வாளி நீரில் விழ வேண்டும், ஒரு பக்கம் சாய வேண்டும், நிறைய வேண்டும், பிறகு துலா முனகிக்கொண்டு நிமிர வேண்டும். இவ்வளவுக்கும் எத்தனை நேரம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். கால் இரண்டும் வீங்கி, விறாந்தையில் இந்தச் சாய்மனைக் கதிரையோடு ஒட்டிக்கொண்ட பிறகு கிணற்றடிச் சத்தங்களைக் கேட்பதுதான் என் உத்தியோகம். முன்பு மலாயாவில் ஸ்டேஷன் கிளாக்காக இருந்தபோது, ரயில் கண்ணுக்குத் தெரியும் முன்பே தண்டவாளத்தின் அதிர்விலிருந்து எந்த வண்டி, எவ்வளவு பிந்தி வருகிறது என்று சொல்லிவிடுவேன். இப்போது வாளி பிந்துகிறது. தண்ணீர் அள்ளுவது பக்கத்து வளவு வில்லார்ட் வாத்தியார். கோப்பிக்குத் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று செம்போடு போன என் மனைவி பாக்கியமும் அங்கேதான் நிற்கிறாள். கிணறு என் வளவில் இருக்கிறது, ஆனால் அதில் பாதி அவருடையது. முன்னொரு காலத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர் இந்தக் காணியை இரண்டாகப் பிரித்தார்கள். கிணற்றை மட்டும் பிரிக்க முடியாமல் பங்காக விட்டார்கள். என் காணி உறுதிப் பத்திரத்திலேயே அது எழுதப்பட்டிருக்கிறது: கிணற்றில் அரைப்பங்கும், கிணற்றுக்கு வந்துபோகும் வழியும் கிழக்கு வளவுக்காரருக்கு உரியவை. பென்ஷன் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து இந்த வளவை வாங்கியபோது அந்த வரியை நான் வாசித்தேன். வாசித்து, தண்ணீர்தானே என்று கையெழுத்து வைத்தேன். கிடுகு வேலியில் ஓர் ஆள் குனிந்து வரத்தக்க பொட்டு ஒன்று அந்த ஒரு வரிக்காகவே இருக்கிறது. வேலியை வருஷந்தோறும் புதுக் கிடுகு வைத்துக் கட்டுகிறோம். பொட்டை அடைக்க முடியாது; அடைத்தால் வழக்கு. அந்தப் பொட்டால் ஒரு மனிதன் தினமும் குனிந்து வந்து என் வளவுக்குள் நிமிர்கிறான். துலா நிமிர்ந்தது. அப்பாடா. ஆனால் நிமிர்ந்த பிறகு வாளியைச் சரிக்கும் சத்தம் வர வேண்டும் அல்லவா.

"சாய்மனைக் கதிரை?" என்று நொத்தாரிசு வைத்தியலிங்கம் கேட்டார். என் மரணசாசனத்தை எழுதுவதற்காகத் திருக்கல் வண்டியில் வந்திருக்கிறார். மேசையில் தாள், மைக்கூடு, தொட்டெழுதும் பேனா. பக்கத்து மர வாங்கில் சாட்சிக்காக வந்த உபதேசியார் எரேமியா, இரண்டு கையையும் வயிற்றின் மேல் கோத்துக்கொண்டு. "கோயிலுக்கு," என்றேன். உபதேசியார் கண்ணைத் திறந்தார். "கோயிலுக்கு உந்தக் கதிரையை வைச்சு என்ன செய்யிறது, தம்பி? போதகர் பிரசங்கத்தை நீட்டுற நாளிலை நான்தான் படுக்கவேணும்." "படுங்கோ," என்றேன். "குடை?" "மருமகன் ஞானரத்தினத்துக்கு, அக்காவின்ரை மகனுக்கு." "மணிக்கூடு?" "அதுவும் ஞானரத்தினத்துக்கு." "சவரக்கத்தி எண்டு சொன்னியள். உந்தக் கத்தியையும் எழுதுறதோ, அருளம்பலத்தார்?" "எழுதும். ஞானரத்தினத்துக்கு." நொத்தாரிசு பேனாவை மைக்கூட்டில் தட்டினார். "அவர் கண்டியிலை தாடியல்லோ வளர்க்கிறாராம்." "வழிப்பார்," என்றேன். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. சாகப்போகிற மனிதன் பொருள்களில் பிடிப்பு வைத்திருக்கிறான் என்று நினைத்திருப்பார்கள். பொருளில் எனக்கு என்ன பிடிப்பு? குடையைச் சொல்லும்போது குடை வில்லார்ட் வாத்தியார் கையில் விரிகிறது. கதிரையைச் சொல்லும்போது அவர் முதுகு இந்தப் பிரம்பில் சாய்கிறது, இந்தப் பிரம்பு முனகும் அதே முனகலை அவருக்கும் முனகுகிறது. என் கறுப்புக் கோட்டு அவருக்குத் தோளில் கொஞ்சம் இறுக்கம். பாக்கியம் தையல் பிரித்து விட்டுக்கொடுப்பாள், ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டு. அதனால்தான் ஒவ்வொன்றையும் தூரத்துக்கு அனுப்புகிறேன். கண்டிக்கு, கோயிலுக்கு, மலாயாவில் தைப்பிங்குக்கு. இந்த வளவில் என்னுடையது என்று சொல்ல ஒரு குண்டூசியும் மிஞ்சக் கூடாது. அப்படி எல்லாவற்றையும் அனுப்பிய பிறகு மிஞ்சுவது வீடும் கிணறும் பாக்கியமும். வீட்டை அவளுக்கு எழுதத்தான் வேண்டும். அது என் உழைப்பில் வாங்கியது, எனக்குப் பிள்ளை இல்லை, அவளுக்கு வேறு கூரை இல்லை. இதை நேற்றே முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்த பிறகும் ஏன் அந்த இடத்துக்கு வர விடாமல் குடை, கத்தி என்று சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நொத்தாரிசுக்கு விளங்காது.

கிணற்றடியில் இப்போது பேச்சுக் கேட்கிறது. வாளியின் வளையம் தேய்ந்துவிட்டதாம். கொல்லன் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டுமாம். அவள் சொல்கிறாள், அவர் ஓம் என்கிறார். இதுதான் எப்போதும். வளையம், முருங்கைக்காய், பள்ளிக்கூட லீவு, மழை. அவர்கள் பேசியதில் ஊருக்கு முன்னால் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையை இதுவரை நான் கேட்டதில்லை. ஏதாவது ஒன்றைக் கேட்டுவிட்டால் நெஞ்சு ஆறிவிடும், இதோ இதுதான் என்று பிடித்துக்கொள்ளலாம். பிடிக்க எதுவும் இல்லாததுதான் பிடித்து ஆட்டுகிறது. ஒன்று மட்டும் உண்டு. கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அவள் அவரை 'அண்ணை' என்பாள். வாளி வேணுமோ அண்ணை, வழி விடுங்கோ அண்ணை. எந்த நாள் என்று தெரியவில்லை, அந்த அண்ணை நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக வேறொன்றும் வரவில்லை. வாத்தியார் என்றும் சொல்வதில்லை. நேரே விஷயத்தைத் தொடங்கிவிடுகிறாள், வளையம் தேஞ்சு போச்சு என்று. நானும் அவளும் அப்படித்தான் பேசுகிறோம். புருஷன் பெண்சாதி அப்படித்தான் பேசுவார்கள். நான் இப்படி வீங்கிக் கிடக்கிற காலத்தில் இரவும் பகலும் யோசித்து அந்த அண்ணை நின்றுபோன நாளைத் தேடியிருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முன்பா, பின்பா? வாத்தியாருடைய மனைவி பிள்ளைப்பேற்றில் இறந்ததற்கு முன்பா, பின்பா? பாக்கியம் அந்தப் பெண்ணைக் குளிப்பாட்டிச் சேலை உடுத்திப் பெட்டியில் வைத்தவள். அழுதழுது வீங்கிய கண்ணோடு வந்து என் காலைப் பிடித்துவிட்டவள். அன்றைக்கு அவள் என்ன சொல்லி அவரைத் தேற்றினாள்? அண்ணை என்றாளா? கோயில் நிறைய ஆட்கள். எனக்குக் கேட்கவில்லை.

அந்த மனிதருக்கு எல்லாம் வந்து சேருகிறது. அவர் கேட்பதில்லை, கை நீட்டுவதில்லை, வந்து சேருகிறது. பேரைப் பாருங்கள். வீட்டில் வைத்த பேர் இராசையா. வில்லார்ட் என்பது அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரில் செத்துப்போன ஒரு பையனுடைய பேர். அந்தப் பையனுடைய தாய், தன் மகன் பேரை இங்கே ஒரு பிள்ளைக்கு வைத்தால் அந்தப் பிள்ளையின் படிப்புச் செலவைத் தாங்குவேன் என்று மிஷனுக்கு எழுதினாளாம். அந்தக் காலத்தில் அது வழக்கம். எங்களோடு படித்தவர்களில் பாதிப் பேர் கண்காணாத வெள்ளைக்காரப் பேரைச் சுமந்துகொண்டு திரிந்தார்கள். எனக்கு அப்படி யாரும் கிடைக்கவில்லை. என் அப்பா தோட்டத்தில் தண்ணீர் இறைத்துப் படிப்பித்தார். பிறகு அந்தச் சீமாட்டி இறந்தாள். அவளுடைய மரணசாசனத்தில் நிலமும் வீடும் தன் சகோதரன் பிள்ளைகளுக்கு, ஆனால் மகனுடைய பெட்டி மட்டும் யாழ்ப்பாணத்து வில்லார்டுக்கு. கப்பலில் வந்தது அது. கம்பளிச் சட்டை, பனியில் போடும் சப்பாத்து, ஒரு வெள்ளிக் கரண்டி. இந்த வெயிலில் அந்தக் கம்பளிச் சட்டையை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போட்டுக்கொண்டு, வியர்த்து ஒழுக, ஞானப்பாட்டுப் பாடுவார். பாக்கியம் ஒருமுறை அதைப் பார்த்துச் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. அப்படி அவள் என்னைப் பார்த்துச் சிரித்த நாள் எது என்று நினைத்துப் பார்க்கிறேன். சிரித்திருப்பாள். என்னோடு இருப்பவள், சிரிக்காமலா? ஞாபகம் வரவில்லை. செத்தவன் பேரும் செத்தவன் சட்டையும் பொருந்திப்போன ஆள் அவர். அவருடைய மாமன் செத்து வீடு வந்தது. பாட்டன் செத்துக் கிணற்றில் பாதி வந்தது. இனி நான் சாக வேண்டும். மனத்துக்குள் நான் எப்போதாவது அவரை அவன் என்று சொல்வதுண்டு. வாயில் அவர்.

"சூசைப்பிள்ளையைக் காணேல்லையே," என்றார் நொத்தாரிசு. இரண்டாவது சாட்சியாக வருவதாகச் சொன்ன சந்திக் கடைக்காரர். "அவர் மகளைப் பார்க்கப் பட்டினத்து ஆஸ்பத்திரிக்குப் போட்டாராம்," என்று உபதேசியார் இப்போதுதான் சொன்னார். "வரேக்கை சொன்னவர். மறந்துபோனன்." "நல்ல ஆள் நீர். இரண்டு சாட்சியும் ஒரே நேரத்திலை முன்னாலை இருக்கவேணுமெல்லோ." நொத்தாரிசு எழுந்து விறாந்தை ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்த்தார். "கிணத்தடியிலை வாத்தியார் நிக்கிறார்போல. இஞ்சை, வாத்தியார். ஒருக்கா வந்து ஒரு சாட்சிக் கையெழுத்து வைச்சுவிடும்." வேண்டாம் என்று சொல்லலாம். ஏன் வேண்டாம் என்று கேட்டால் என்ன சொல்வது? அவர் காலைக் கழுவிக்கொண்டு வந்தார். நனைந்த கையைத் துடைக்க இடம் தேடினார். பாக்கியம் கொடியில் கிடந்த துவாயை இழுத்து நீட்டினாள். அவர் இருந்த பக்கம் பார்க்காமலே நீட்டினாள். அவரும் பார்க்காமலே வாங்கினார். என் துவாய் அது. அவர் அதை விரித்து, கையைத் துடைத்து, மடித்து, விறாந்தைக் கம்பியில் போட்டார். அவ்வளவுதான் நடந்தது. பார்த்து நீட்டியிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. ஒருவரையொருவர் பாராமலே ஒருவர் கை இருக்கும் இடம் மற்றவருக்குத் தெரிந்திருந்தது. "எப்பிடி, ஐயா, கால் வீக்கம் குறைஞ்சிருக்கோ?" என்று கேட்டார். "ஓம், குறைஞ்சிருக்கு. இரும்," என்றேன். பிறகு நொத்தாரிசைப் பார்த்து, "எழுதும். வீடு, வளவு, கிணற்றிலை என்ரை பங்கு, எல்லாம் என் மனைவி பாக்கியத்துக்கு. அவள் என் விதவையாக இருக்கும்வரை," என்றேன். "மறுபடி விவாகம் செய்தால் எல்லாம் ஞானரத்தினத்துக்கு." பேனா நின்றது. உபதேசியார் வயிற்றில் கோத்திருந்த கையைப் பிரித்தார். "உந்த வரியை எழுதத்தான் வேணுமோ?" என்று நொத்தாரிசு தணிந்த குரலில் கேட்டார். "எழுதினால் வாசிச்சுக் காட்டவேணும். இஞ்சை, எல்லாருக்கும் கேக்க." "வாசியும்," என்றேன்.

அவர் எழுதத் தொடங்கியதும் எனக்கு மூச்சு சுலபமாக வந்தது. பூட்டிவிட்டேன். ஆனால் பேனா அந்த வரியின் பாதியைத் தாண்டுவதற்குள் யோசனை வேறு வழியாக உள்ளே வந்துவிட்டது. விவாகம் செய்தால்தானே வீடு போகும்? செய்யாவிட்டால்? அவள் இங்கேயே இருப்பாள். அவர் அங்கேயே இருப்பார். நடுவில் கிடுகு வேலி, வேலியில் பொட்டு, அந்தப் பொட்டால் வர அவருக்கு உரித்து. கலியாணம் செய்ய முடியாத இருவரைப் பக்கத்துப் பக்கத்து வளவில், சாகும்வரை, ஒரே கிணற்றில் நான் கட்டி வைக்கிறேன். இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக அவர்களை ஒன்று சேர்க்க எவராலும் முடியாது. சரி, அப்படியானால் வீட்டை ஞானரத்தினத்துக்கே நேரே எழுதிவிட்டால்? அவள் வேலணைத் தீவில் உள்ள தமையன் வீட்டுக்குப் போக வேண்டும். தமையன் பெண்சாதி வாய்க்காரி. போகிற அன்றைக்கு அவளுடைய தகரப் பெட்டியை யார் தூக்குவார்? உபதேசியாரா? வாத்தியார்தான் தூக்குவார். வண்டியில் ஏற்றிவிட்டு, துணைக்கு அவரும் ஏறுவார், வழியில் வெயிலுக்குத் தன் குடையைப் பிடிப்பார், கடல் தாண்டும் தோணியில் அவள் தலை சுற்றி ஓரமாகச் சாய்வாள். வேண்டாம். அவள் இங்கேயே இருக்கட்டும், ஞானரத்தினத்தின் தாயும் வந்து கூட இருக்கட்டும் என்று எழுதினால்? என் அக்கா மத்தியானம் படுத்தால் விளக்கு வைக்கும்போதுதான் எழும்புவாள். எந்த வாசகத்தைப் போட்டாலும் அதன் கடைசியில் அவர் நிற்கிறார், பொட்டால் நுழைந்து நிமிர்கிறதைப்போல நிமிர்ந்து. நான் முதல் மனைவி ரூத்தைத் தைப்பிங்கில் அடக்கம் பண்ணிய வருஷம் முடியுமுன்னே பாக்கியத்தைக் கட்டினேன். அப்போது என்னை யாரும் ஒரு வரியில் கட்டவில்லை. ரூத்தின் சங்கிலியைத்தான் பாக்கியத்தின் கழுத்தில் போட்டேன். பாக்கியம் அதை யாருடையது என்று கேட்டாள், சொன்னேன், அன்று முழுவதும் அவள் அதைக் கையால் பிடித்துக்கொண்டே நடந்தாள். கழற்றவும் இல்லை, விடவும் இல்லை. அது பொறாமை என்று அப்போது நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். இப்போது நினைத்தால் அது பயமாகவும் இருந்திருக்கலாம்.

நொத்தாரிசு வாசித்தார். வாசிப்பதற்கென்று ஒரு குரல் வைத்திருக்கிறார், மூக்கால் வரும் குரல். சுயபுத்தியோடும் பூரண நினைவோடும் என்று தொடங்கிக் குடை, மணிக்கூடு, கத்தி எல்லாம் தாண்டி அந்த இடத்துக்கு வந்தார். அடுப்படி வாசலில் பாக்கியம் கோப்பித் தட்டோடு நின்றாள். அவள் என் விதவையாக இருக்கும்வரை என்று வாசித்தபோது குரல் மூக்கை விட்டு இறங்கிச் சாதாரணக் குரலாகிவிட்டது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டைத்தான் பார்த்தேன். தட்டு ஆடவில்லை. அவள் வந்து நொத்தாரிசுக்கு ஒரு கோப்பை, உபதேசியாருக்கு ஒரு கோப்பை, வாத்தியாருக்கு ஒரு கோப்பை வைத்தாள். எனக்குச் சீனியில்லாததை எடுத்து, ஆற்றி, கையில் தந்தாள். "விளங்கினதோ, பிள்ளை?" என்று நொத்தாரிசு கேட்டார். "விளங்கினது," என்றாள். உபதேசியார் கோப்பியை ஒரே மிடறாகக் குடித்துவிட்டு, சுட்டதால் வாயை ஊதினார். அப்போது வாத்தியார் எழுந்தார். "நான் இதுக்குச் சாட்சி வைக்கமாட்டன், ஐயா," என்றார். "சாட்சி எண்டால் அருளம்பலத்தார் கையெழுத்து வைக்கக் கண்டன் எண்டதுக்குத்தான், வாத்தியார். உள்ளுக்குக் கிடக்கிற விஷயத்துக்கு நீர் பொறுப்பில்லை," என்று நொத்தாரிசு சொன்னார். "தெரியும். வைக்கமாட்டன்." "ஏன்?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் கோப்பையை மேசையில் வைத்தார். சொல்லட்டும். இப்போது சொல்லட்டும். இவ்வளவு நாளும் நான் காது கொடுத்துக் காத்திருந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தானே. பாக்கியம்தான் பேசினாள். "அவரை ஏன் இழுக்கிறியள். நான் போய் வேறை ஒராளைக் கூட்டிவாறன். உடுப்பு வெளுக்கிற கட்டாடியாரின்ரை வளவடியிலை தபாற்காரர் நிப்பார்." சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். தன்னைக் கட்டும் வரிக்குச் சாட்சி தேடித் தானே போகிறாள். முற்றத்தில் இறங்கி, தெருவுக்குத் திறக்கும் படலைப் பக்கம் நடந்தாள். வெயில் மணலில் கொதித்தது. செருப்பில்லை. காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள்.

நான் பார்வையை அவளிடமிருந்து எடுத்தேன். வாத்தியாரைப் பார்த்தேன். அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், முதல் முறையாக, நான் இருக்கிறேன் என்ற நினைவே இல்லாமல். பிறகு அவர் முகம் திரும்பி என்னிடம் வந்தது. கோபம் வரும் என்று நினைத்தேன், அல்லது வெட்கம். அது இரண்டும் இல்லை. அந்த முகத்தை எனக்குத் தெரியும். தினமும் காலையில் சவரம் செய்யும் கண்ணாடியில் அதைத்தான் பார்க்கிறேன். என் சீனியில்லாத கோப்பியை, அவள் ஆற்றித் தந்த அந்தக் கோப்பையை, அது என் கையில் இருப்பதை, அவர் பார்த்தார். வீங்கிய கால்களை, அவற்றின் கீழே அவள் வைத்த தலையணையைப் பார்த்தார். எல்லாரும் செத்துச் செத்து எதையாவது விட்டுப்போன மனிதர், உயிரோடிருக்கிற ஒருவன் மடியில் கிடப்பதைப் பார்த்து நிற்கிறார். அவருக்கு என் மேல் பொறாமை. எழும்பி நடக்க முடியாத என் மேல். எனக்குள் ஓர் இனிப்பு இறங்கியது. இத்தனை மாதம் மருந்தில் கிடைக்காத சுகம். அப்படியானால் இதுவரை ஒன்றும் நடக்கவில்லை. அவருக்குக் கிடைத்தது துவாயும் வாளி வளையமும்தான். அவள் என்னுடையவள். சரி, என்னுடையவள்; நான் போன பிறகு? இந்த வரி இருக்கும். அவள் இந்த வீட்டில் இருப்பாள். தலை நரைத்து, பல் விழுந்து, என் விதவையாக இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெண்கள் பேசிக்கொள்வார்கள். பாக்கியம் ஏன் இருக்கிறாள்? வீடு போய்விடும் அல்லவா, அதனால் இருக்கிறாள். அந்த இனிப்பு நின்றுவிட்டது. வீட்டுக்காக இருக்கிறாள். கூரைக்காக, கிணற்றுப் பங்குக்காக. எனக்காக இருக்கிறாள் என்று ஒருத்தியும் சொல்லமாட்டாள். அவர் மட்டும் வேலிக்கு அப்பால் நின்று நினைத்துக்கொள்வார், அந்த வரி இல்லாவிட்டால் என்னிடம் வந்திருப்பாள் என்று. சாகும்வரை அப்படி நினைக்க அவருக்கு நானே எழுதிக் கொடுக்கிறேன். குடையைக் கொடுக்கவில்லை, கோட்டைக் கொடுக்கவில்லை, இதைக் கொடுத்துவிட்டேன். எல்லாருடைய சாவிலும் அவருக்கு ஏதாவது கிடைத்துவிடுகிறது. இல்லை. இதை நான் கொடுக்கமாட்டேன். அவள் போகக்கூடியவளாக இருக்க வேண்டும். படலை திறந்திருக்க வேண்டும், பொட்டும் திறந்திருக்க வேண்டும், வீடும் அவள் கையில் இருக்க வேண்டும், அப்படியும் அவள் போகாமல் இருக்க வேண்டும். அதை அவர் தினமும் தண்ணீர் அள்ளும்போது பார்க்க வேண்டும்.

"பாக்கியம், நில்லும்," என்று கூப்பிட்டேன். படலையில் கை வைத்தபடி திரும்பினாள். "நொத்தாரிசு, அந்த வரியை வெட்டிவிடும். வீடும் வளவும் அவளுக்கே. என்னவும் செய்யட்டும். ஆரையும் கட்டட்டும்." நொத்தாரிசு என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்களுக்குப் பெரிய மனசு, அருளம்பலத்தார். நான் எத்தினை வீட்டிலை எழுதியிருக்கிறன், ஒருத்தரும் இப்பிடிச் சொன்னதில்லை." "கர்த்தர்தான் புத்தி குடுத்தவர்," என்றார் உபதேசியார், இன்னும் வாயை ஊதிக்கொண்டு. பேனா ஒரே கோடாக அந்த வரியின் மேல் ஓடியது. அழித்து மறைக்கக்கூடாதாம்; வெட்டினது வாசிக்கத் தெரிய வேண்டுமாம், பக்கத்தில் நான் கையெழுத்து வைக்க வேண்டுமாம். வைத்தேன். அவள் என் விதவையாக இருக்கும்வரை என்பது கோட்டுக்குக் கீழே தெளிவாகத் தெரிந்தது. பாக்கியம் திரும்பி வந்து காலில் ஒட்டிய சுடுமணலைத் தட்டினாள். "இப்ப வைக்கலாந்தானே, வாத்தியார்," என்றேன். சாசனத்தின் அடியில் நானும் உபதேசியாரும் கையெழுத்து வைத்த பிறகு அவர் வந்து குனிந்து வில்லார்ட் இராசையா என்று மணிமணியாக எழுதினார். நிமிரும்போது என்னைப் பார்த்து, "நன்றி, ஐயா," என்றார். அவருக்கு எதற்கு நன்றி? நான் என்ன கொடுத்தேன் என்று நினைக்கிறார்? அவர் முகத்தில் கொஞ்சம் முன்பு நான் பார்த்தது இல்லை. அந்த இடத்தில் ஏதோ வெளிச்சம்போல ஒன்று இருந்தது. அதை இனிமேல் நான் யோசிக்க வேண்டும். அவர் போனார். உபதேசியாரும் எழுந்து தன் சால்வையைத் தேடினார்.

பாக்கியம் என் முதுகுக்குப் பின்னால் இருந்த தலையணையை எடுத்துத் தட்டி, மறுபடி வைத்தாள். வைக்கும்போது அவள் முகம் என் காதருகே வந்தது. "பெரிய மனசெண்டு அவையள் சொல்லுகினம்," என்றாள், மற்றவர்களுக்குக் கேட்காமல். "எனக்கு உங்களைத் தெரியும். அந்த வரி இருந்திருந்தால் எனக்கு லேசாயிருந்திருக்கும்." எது லேசு என்று கேட்க வாயைத் திறந்தேன். இருப்பது லேசா, போவது லேசா? அவள் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள், அவருடையது, உபதேசியாருடையது, நொத்தாரிசுடையது. "உங்கடையைக் குடிச்சு முடியுங்கோ," என்று கையை நீட்டினாள். இருந்தால் அந்த வரியைக் காட்டிக்கொண்டு இங்கேயே இருந்துவிடலாம், யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை. போனால் வீட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனேன் என்று நிமிர்ந்து போகலாம். இரண்டும் லேசுதான். அவள் எதைச் சொன்னாள்? கோப்பி ஆறிப்போயிருந்தது. மெதுவாகக் குடித்தேன். அவள் கையை நீட்டியபடியே நின்றாள்.